தூண், பைப், எஸ்கலேட்டர்... எல்லாமே வெளியே! பாரிஸ் பாம்பிடூ மியூசியம் ஏன் இப்படி இருக்கிறது? 2030 வரை மூடப்பட்டது ஏன்?

பாரிஸ் நகரின் மையப் பகுதி. சுற்றிலும் சாம்பல் நிறக் கூரையும் கல் சுவரும் கொண்ட பழைய வீடுகள். அதற்கு நடுவே, கட்டுமானப் பணி முடிந்தும் சாரத்தைப் பிரிக்க மறந்துவிட்டார்களோ என்று நினைக்க வைக்கும் ஒரு பிரமாண்ட கட்டடம். நீலம், பச்சை, மஞ்சள், சிவப்பு நிறங்களில் தடித்தடியான குழாய்கள். வெளிச்சுவரில் குறுக்காக ஏறிப்போகும் கண்ணாடிக் குழாய்க்குள் எஸ்கலேட்டர்.

முதன்முறை பார்ப்பவர்கள் பெரும்பாலும் கேட்கும் கேள்வி, "இது என்ன ஃபேக்டரியா?" என்பதுதான். இல்லை. இதுதான் பாம்பிடூ மையம். ஐரோப்பாவின் மிகப்பெரிய நவீன கலைத் தொகுப்புகளில் ஒன்றை வைத்திருக்கும் மியூசியம். 1977-ல் திறக்கப்பட்ட இந்தக் கட்டடம், 2025 செப்டம்பரில் முழுமையாக மூடப்பட்டது. மறுபடி திறக்கப்போவது 2030-ல்தான்.

50 வயதுகூட நிறைவடையாத ஒரு கட்டடத்துக்கு 5 ஆண்டு பழுதுபார்ப்பா? பைப்பை எல்லாம் வெளியே வைத்தது யார் யோசனை? உள்ளே என்னதான் இருக்கிறது? விரிவாகப் பார்க்கலாம்.

ஒரே பார்வையில்

• அமைவிடம்: பாரிஸ், போபூர் பகுதி
• வடிவமைத்தவர்கள்: ரென்சோ பியானோ, ரிச்சர்ட் ரோஜர்ஸ், ஜியான்ஃபிராங்கோ ஃபிராங்கினி
• பொறியியல்: ஓவ் அரூப் நிறுவனம்
• திறப்பு: 1977 ஜனவரி 31
• அளவு: 166 மீட்டர் நீளம், 60 மீட்டர் அகலம், சுமார் 42 மீட்டர் உயரம்
• ஒரு தளத்தின் பரப்பு: சுமார் 7,500 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய 80,000 சதுர அடி

கார் பார்க்கிங்கில் தொடங்கிய கதை

1960-களின் இறுதியில் இந்த இடம் ஒரு கார் பார்க்கிங். அதற்கு முன்பு இங்கே நெருக்கமாக வீடுகள் இருந்தன. சுகாதாரக்கேடான பகுதி என்று சொல்லி 1930-களில் அவற்றை இடித்துவிட்டார்கள். அதன்பிறகு பல ஆண்டுகள் அந்த நிலம் சும்மாவே கிடந்தது. பக்கத்திலேயே இருந்த லே ஆல் மொத்த விற்பனைச் சந்தையும் 1969-ல் ஊருக்கு வெளியே போய்விட்டது. நகரின் நடுவே ஒரு பெரிய வெற்றிடம்.

அதே 1969-ல் பிரான்ஸ் அதிபரானவர் ஜார்ஜ் பாம்பிடூ. நவீன ஓவியங்களில் தனிப்பட்ட முறையில் ஆர்வம் கொண்டவர். நவீன கலை மியூசியம், பொது நூலகம், வடிவமைப்பு மையம், இசை ஆய்வு மையம் என எல்லாம் ஒரே இடத்தில் இருக்க வேண்டும், சாதாரண மக்கள் தயக்கமில்லாமல் உள்ளே வர வேண்டும் என்பது அவரது விருப்பம்.

இதற்காக 1971-ல் சர்வதேசப் போட்டி நடத்தப்பட்டது. வந்த வடிவமைப்புகள் மொத்தம் 681. நடுவர் குழுவுக்குத் தலைமை வகித்தவர் பிரெஞ்சு வடிவமைப்பாளர் ஜான் ப்ரூவே. பிரேசிலின் ஆஸ்கர் நீமயர், அமெரிக்காவின் ஃபிலிப் ஜான்சன் போன்ற ஜாம்பவான்களும் அந்தக் குழுவில் இருந்தனர்.

வென்றதோ பெரிய பெயர் எதுவும் இல்லாத ஓர் இளம் அணி. இத்தாலியின் ரென்சோ பியானோ, ஜியான்ஃபிராங்கோ ஃபிராங்கினி, பிரிட்டனின் ரிச்சர்ட் ரோஜர்ஸ். பியானோவும் ரோஜர்ஸும் அப்போது 30-களில் இருந்தார்கள். பின்னாளில் கட்டடக்கலையின் மிக உயர்ந்த விருதான பிரிட்ஸ்கர் பரிசை பியானோ 1998-லும், ரோஜர்ஸ் 2007-லும் பெற்றனர். ஆனால் 1971-ல் அவர்களை வெளியுலகத்துக்கு அவ்வளவாகத் தெரியாது.

பாதி இடத்தை ஏன் காலியாக விட்டார்கள்?

கொடுக்கப்பட்ட நிலம் சுமார் 2 ஹெக்டேர், அதாவது கிட்டத்தட்ட 5 ஏக்கர். நகரின் நடுவில் இவ்வளவு இடம் கிடைத்தால் முழுக்கக் கட்டடம் எழுப்பத்தான் யாருக்கும் தோன்றும். பியானோ - ரோஜர்ஸ் அணி அப்படிச் செய்யவில்லை. கட்டடத்தை ஒரு பக்கமாக ஒதுக்கி, கிட்டத்தட்ட பாதி நிலத்தை திறந்தவெளிச் சதுக்கமாக விட்டுவிட்டார்கள்.

இந்தச் சதுக்கம் சமதளம் அல்ல. வாசலை நோக்கி மெதுவாகச் சரிந்து இறங்கும். இத்தாலியின் சியனா நகரத்தில் உள்ள புகழ்பெற்ற சதுக்கத்தோடு இதை ஒப்பிடுவார்கள். டிக்கெட் எடுக்காதவர்களும் அந்தச் சரிவில் உட்கார்ந்து பேசலாம், தெருக்கலைஞர்களின் வித்தையைப் பார்க்கலாம். அப்படியே கால் போன போக்கில் உள்ளே போய்விடலாம். மியூசியம் என்றால் பத்துப் படி ஏறி, பெரிய தூண்களைக் கடந்து, பயபக்தியோடு நுழைய வேண்டும் என்ற பழக்கத்தை இது தலைகீழாக்கியது. இங்கே இறங்கித்தான் உள்ளே போக வேண்டும்.

பைப்புகளை வெளியே வைத்தது ஏன்?

இதற்கான பதில் உள்ளே இருக்கிறது.

வழக்கமான ஒரு பெரிய கட்டடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பரப்பளவு என்று கணக்கில் வரும் எல்லா இடத்தையும் நாம் பயன்படுத்த முடியாது. நடுநடுவே தூண்கள் நிற்கும். மாடிப்படிக்கு ஒரு மூலை, லிஃப்டுக்கு ஒரு மூலை போய்விடும். தண்ணீர்க் குழாய், மின்கம்பி, ஏசி டக்ட் எல்லாம் மேலே கீழே போக ஆங்காங்கே செங்குத்தான பாதைகள் வேண்டும். இவை எங்கே அமைகின்றனவோ அதற்கேற்பத்தான் அறைகளைப் பிரிக்க முடியும். ஒருமுறை கட்டிவிட்டால், பிறகு மாற்றுவது லேசுப்பட்ட காரியமில்லை.

பாம்பிடூவில் இவை எல்லாத்தையும் வெளியே தள்ளிவிட்டார்கள். கிழக்குப் பக்கம், தெருவைப் பார்த்த முகப்பில் ஏசி, தண்ணீர், மின்சாரக் குழாய்கள். மேற்குப் பக்கம், சதுக்கத்தைப் பார்த்த முகப்பில் எஸ்கலேட்டரும் நடைபாதைகளும். உள்ளே மிஞ்சியது தூண் இல்லாத, நிரந்தரச் சுவர் இல்லாத, கால்பந்து மைதானத்தை விடப் பெரிய ஒரு வெற்றுத் தளம். அப்படி ஒன்றின் மேல் ஒன்றாகப் பல தளங்கள்.

காரணம் ரொம்ப எளிது. நாளைய கலை எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. இன்று ஓவியம், நாளை ஓர் அறையளவு சிற்பம், அடுத்து வீடியோ. எது வந்தாலும் கட்டடம் தடையாக இருக்கக் கூடாது. எப்போது வேண்டுமானாலும் உள்ளே மாற்றிக்கொள்ளலாம் என்ற சுதந்திரத்துக்காகத்தான் அந்தக் குழாய்கள் வெளியே வந்தன. பார்ப்பவர்களை அதிர்ச்சி அடைய வைப்பதற்காக மட்டும் அல்ல.

நடுவில் தூணே இல்லாமல் எப்படி நிற்கிறது?

ஒரு பக்கத் தூணுக்கும் எதிர்ப்பக்கத் தூணுக்கும் இடையே 48 மீட்டர், அதாவது சுமார் 157 அடி இடைவெளி. நடுவில் முட்டுக்கொடுக்க எதுவும் இல்லை. இதைச் சாத்தியமாக்கியது 'ஜெர்பரெட்' என்ற எஃகுத் துண்டு. 19-ம் நூற்றாண்டு ஜெர்மன் பாலப் பொறியாளர் ஹைன்ரிக் கெர்பரின் பெயரிலிருந்து வந்த சொல் இது.

புரிந்துகொள்ள, பழைய கிணற்று ஏற்றத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் தாங்குகட்டை. ஒரு முனையில் பாரம். மறுமுனையில் அதைச் சமன் செய்யும் இழுவை. ஜெர்பரெட்டும் அதே தத்துவம்தான். சுமார் 8 மீட்டர் நீளமும் 10 டன் எடையும் கொண்ட வார்ப்பு எஃகுத் துண்டு, தூணின் மேல் கோத்து நிறுத்தப்பட்டிருக்கும். அதன் குட்டையான முனை உள்பக்கம் நீண்டு, தளத்தைத் தாங்கும் ராட்சத உத்திரத்தைப் பிடித்திருக்கும். நீளமான முனை வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். அந்த முனையை, செங்குத்தான எஃகுக் கம்பி தரையை நோக்கி இழுத்துக் கட்டியிருக்கும். உள்ளே உத்திரம் அழுத்தும், வெளியே கம்பி இழுக்கும். இரண்டும் சமமாகிவிடும்.

வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 6 மீட்டர். குழாய்களும் எஸ்கலேட்டரும் நடைபாதைகளும் உட்கார்ந்திருப்பது அங்கேதான். கட்டடத்தின் அகலம் 60 மீட்டர் என்று சொன்னோம் இல்லையா? உள்ளே 48, இரு பக்கமும் 6 + 6. கணக்கு சரியாகிவிட்டது.

இதன் பின்னால் இருந்தவர்களில் முக்கியமானவர் பொறியாளர் பீட்டர் ரைஸ். அதற்கு முன் சிட்னி ஓபரா ஹவுஸில் பணியாற்றியவர். அச்சில் வார்த்து எடுக்கும் எஃகைத் தேர்ந்தெடுக்க அவர் சொன்ன காரணம் சுவாரஸ்யமானது. வார்ப்பில் கைவேலையின் தடம் தெரியும். இவ்வளவு பெரிய இரும்புக் கட்டடத்தின் பக்கத்தில் நிற்கும் மனிதருக்கு அது ஒரு நெருக்கத்தைத் தரும் என்று அவர் நம்பினார்.

ஆனால் வேலை சுலபமாக முடியவில்லை. ஜெர்மனியில் தயாரான ஜெர்பரெட்டுகளில் முதலில் சோதித்தவை எதிர்பார்த்த பாரத்தைத் தாங்காமல் உடைந்தன. மறுபடி சூடேற்றிப் பக்குவப்படுத்திய பிறகே அவை தேறின. பிறகு அவற்றை பாரிஸின் குறுகிய தெருக்கள் வழியாகக் கொண்டுவந்தது தனிக் கதை. போக்குவரத்து ஓய்ந்த இரவு நேரங்களில்தான் லாரிகள் வந்தன.

இன்னொரு தகவல். வெளியே தெரியும் அந்த வட்டத் தூண்கள் வெறும் தூண்கள் அல்ல, உள்ளே தண்ணீர் நிரப்பப்பட்டவை. தீப்பிடித்தால் எஃகு சூடேறி வலுவிழக்கும். உள்ளிருக்கும் தண்ணீர் அந்தச் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும் என்பதே ஏற்பாடு.

எந்த கலர் எதற்கு?

குழாய்களின் வண்ணம் அழகுக்காக மட்டும் அல்ல. ஒவ்வொரு நிறத்துக்கும் ஓர் அர்த்தம் உண்டு.

• நீலம்: காற்று, அதாவது ஏசி மற்றும் காற்றோட்டக் குழாய்கள்
• பச்சை: தண்ணீர்
• மஞ்சள்: மின்சாரம்
• சிவப்பு: மனிதர்களின் நகர்வு. லிஃப்ட், எஸ்கலேட்டர் போன்றவை
• வெள்ளை: கட்டடத்தைத் தாங்கும் எஃகுச் சட்டகம். சதுக்கத்தில் கப்பல் புகைபோக்கி போல நிற்கும் காற்றுக்குழல்களும் வெள்ளைதான்

கட்டடத்தைப் பற்றி எதுவுமே தெரியாத ஒரு குழந்தைகூட, இது எப்படி மூச்சுவிடுகிறது, தண்ணீர் எங்கே போகிறது, ஆட்கள் எந்த வழியாக ஏறுகிறார்கள் என்று வெளியில் நின்றே சொல்லிவிடலாம்.

மக்களுக்கு மிகவும் பிடித்த எஸ்கலேட்டர்

சதுக்கத்தைப் பார்த்த முகப்பில் குறுக்காக ஏறும் கண்ணாடிக் குழாயை பாரிஸ்காரர்கள் 'கம்பளிப்பூச்சி' என்று அழைப்பார்கள். கீழே சதுக்கத்தின் கூட்டம் மெல்லச் சிறிதாகும். பக்கத்துக் கூரைகள் கண் மட்டத்துக்கு வரும். உச்சிக்குப் போனால் நோத்ர தாம் தேவாலயம், ஈஃபிள் கோபுரம், மோன்மார்த்ர் குன்று எல்லாம் தெரியும்.

மையத்தின் லோகோவை உருவாக்கிய ஜான் விட்மர் அதில் வரைந்ததும் இதைத்தான். கிடைமட்டமாகச் சில கறுப்புப் பட்டைகள், அவற்றின் குறுக்கே ஏறிப்போகும் எஸ்கலேட்டர் கோடு. அவ்ளோதான். இன்றுவரை அதுவே அடையாளம்.

திட்டமிட்டது எல்லாம் நடந்ததா?

இல்லை. போட்டிக்கு அனுப்பிய வரைபடத்தில் இன்னும் துணிச்சலான யோசனைகள் இருந்தன. தேவைக்கேற்ப மேலும் கீழும் நகர்த்தக்கூடிய தளங்கள். முகப்பில் செய்திகளும் படங்களும் ஓடும் ராட்சதத் திரை. சதுக்கம் கட்டடத்தின் அடியிலும் தொடரும்படி தரைத்தளமே திறந்தவெளி. செலவு, தீயணைப்பு விதிகள், அரசியல் தயக்கம் என்று பல காரணங்களால் இவை ஒவ்வொன்றாகக் கைவிடப்பட்டன.

1974 ஏப்ரலில் அதிபர் பாம்பிடூ காலமானார். அடுத்து வந்த அதிபர் ஜிஸ்கார் தெஸ்தானுக்கு இந்தத் திட்டத்தில் பெரிய ஆர்வம் இல்லை. அப்போதைய பிரதமர் ஜாக் சிராக் விடாப்பிடியாக ஆதரித்ததால்தான் பணி தொடர்ந்தது. கட்டுமானத்தைத் தடுக்கக் கோரி வழக்குகளும் வந்தன.

கிண்டலுக்கும் பஞ்சமில்லை. எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை என்றார்கள். நோத்ர தாம் தேவாலயத்தின் பெயரை வைத்தே 'குழாய் மாதா கோயில்' என்கிற பொருளில் பட்டப்பெயர் சூட்டினார்கள். ரோஜர்ஸ் பிற்காலத்தில் ஒரு சம்பவத்தைச் சொல்வதுண்டு. மழை நாளில் தன் குடைக்குள் இடம் கொடுத்த ஒரு பெண்மணியிடம், இந்தக் கட்டடத்தை வடிவமைத்தது நான்தான் என்று அவர் சொல்லியிருக்கிறார். அந்தப் பெண்மணி அதே குடையால் அவர் தலையில் ஒரு போடு போட்டாராம்!

திறந்த பிறகு நடந்ததுதான் யாரும் எதிர்பார்க்காதது. ஒரு நாளைக்கு 8,000 பேர் வருவார்கள் என்று கணக்குப்போட்டிருந்தார்கள். வந்தது 20,000 பேருக்கும் மேல்.

உள்ளே எப்படி இருக்கும்?

தரைத்தளத்தில் 'ஃபோரம்' எனப்படும் உயரமான கூடம். அங்கிருந்துதான் எல்லாப் பிரிவுகளுக்கும் வழி பிரியும். கூடத்தின் மேலே தொங்கும் பெரிய அறுகோணப் படத்தில் அதிபர் பாம்பிடூவின் முகம் தெரியும். ஓவியர் விக்டர் வாசரேலியின் படைப்பு அது.

அலுவலகங்களில் நாம் பார்க்கும் ஃபால்ஸ் சீலிங் சமாச்சாரம் இங்கே கிடையாது. அண்ணாந்து பார்த்தால் உத்திரங்களும் டக்டுகளும் அப்படியே தெரியும். ஒரு தளத்தின் உயரம் சுமார் 7 மீட்டர். சாதாரண வீட்டின் இரண்டு மாடி உயரம்.

பொது நூலகத்துக்கு உறுப்பினர் அட்டை தேவையில்லை, பதிவு தேவையில்லை, கட்டணமும் இல்லை. மாணவர்கள், வேலை தேடுபவர்கள், மொழி கற்க வரும் வெளிநாட்டவர்கள், குளிருக்கு ஒதுங்குபவர்கள் என எல்லோருக்கும் இது புகலிடமானது. வாசலில் நீண்ட வரிசை நிற்பது அன்றாடக் காட்சி. நவீன கலை மியூசியம் மேல்தளங்களில் இருக்கிறது. மத்தீஸ், பிக்காசோ, கான்டின்ஸ்கி, ஷகால் என 20-ம் நூற்றாண்டின் பெரிய பெயர்கள் எல்லாம் இங்கே உண்டு. பாரிஸில் பல ஆண்டுகள் வாழ்ந்த இந்திய ஓவியர் எஸ்.எச்.ரசாவின் பெரிய கண்காட்சியும் 2023-ல் இங்கே நடந்தது.

சுவர் இல்லாத மியூசியத்தில் ஓவியத்தை எங்கே மாட்டுவது?

சிக்கல் இங்கேதான் ஆரம்பித்தது. எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்று தளத்தை வெறுமையாக விட்டார்கள். ஆனால் ஓர் ஓவியத்துக்கு முதலில் வேண்டியது ஒரு சுவர்!

மியூசியத்தின் முதல் இயக்குநர், சுவீடனைச் சேர்ந்த பொன்டூஸ் ஹூல்டென், திறந்த தளத்தை அப்படியே பயன்படுத்தினார். நகர்த்தக்கூடிய பலகைகள், மேலிருந்து தொங்கும் சட்டங்கள். பார்வையாளர் ஊருக்குள் சுற்றுவதுபோல இஷ்டத்துக்குச் சுற்றலாம். உற்சாகமான ஏற்பாடுதான். ஆனால் ஒரு சின்ன ஓவியத்தின் முன் நின்று பார்க்கும்போது, அதற்கு அப்பால் இன்னும் பத்து ஓவியமும், நடமாடும் கூட்டமும், தலைக்கு மேல் டக்டும் சேர்ந்தே கண்ணில் படும். நின்று நிதானமாகப் பார்க்க வழியில்லை என்று விமர்சனங்கள் எழுந்தன.

1985-ல், இயக்குநர் டொமினிக் போசோவின் காலத்தில், உள் அலங்காரம் அடியோடு மாற்றப்பட்டது. பொறுப்பை ஏற்றவர் இத்தாலிய வடிவமைப்பாளர் கே ஔலென்டி. பாரிஸின் பழைய ரயில் நிலையத்தை ஓர்சே மியூசியமாக மாற்றியபோது அதன் உள் வடிவமைப்பைச் செய்தவரும் இவர்தான். பாம்பிடூவின் வெற்றுத் தளத்துக்குள் வெள்ளைச் சுவர்களை எழுப்பினார். தெரு போல ஒரு நீளமான நடைபாதை, அதிலிருந்து பிரியும் அறைகள். எந்தச் சுவர்கள் இருக்கக் கூடாது என்று இந்தக் கட்டடம் கட்டப்பட்டதோ, அதே சுவர்கள் 8 ஆண்டுகளில் உள்ளே வந்துவிட்டன.

இது தோல்வியா? ஒரு கோணத்தில் ஆமாம். இன்னொரு கோணத்தில் பார்த்தால், உள்ளே இப்படிச் சுவர் எழுப்பவும் வேண்டாதபோது எடுக்கவும் முடிந்ததே கட்டடத்தின் வெற்றி. ஒரு தூணைக்கூட இடிக்காமல் மியூசியத்தின் உள் அமைப்பையே மாற்ற முடிந்தது. இரண்டு பக்கமும் இன்றுவரை வாதம் தொடர்கிறது.

ரென்சோ பியானோ அடுத்து செய்ததும் கவனிக்க வேண்டியது. பாம்பிடூ திறந்து 10 ஆண்டுகள் கழித்து, 1987-ல், அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் மெனில் கலெக்‌ஷன் என்ற மியூசியத்தைக் கட்டினார். பொறியாளர் அதே பீட்டர் ரைஸ். ஆனால் கட்டடமோ நேர் எதிர். சாம்பல் நிறப் பலகை வேய்ந்த, வீடுகளுக்கு நடுவே அடக்கமாக நிற்கும் தாழ்வான கட்டடம். கூரையில் வரிசையாக இலை போன்ற வளைந்த தகடுகள். வெயில் நேராக விழாமல், வடிகட்டிய இயற்கை வெளிச்சம் மட்டும் ஓவியங்கள் மேல் படும். ஓவியத்துக்கு என்ன வேண்டும் என்ற கேள்விக்கு அவரே சொன்ன இரண்டாவது பதில் என்று இதைச் சொல்லலாம்.

இலவச எஸ்கலேட்டர் என்ன ஆனது?

எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு கூட்டம் வந்ததால் கட்டடம் சீக்கிரமே களைத்துப்போனது. 20 வயதிலேயே, 1997 முதல் 1999 வரை பெரும்பகுதியை மூடிப் புதுப்பிக்க வேண்டியதாயிற்று. இந்தப் பணியை பியானோவும் ஜான் ஃபிரான்சுவா போதனும் கவனித்தார்கள். அலுவலகங்கள் பக்கத்துக் கட்டடங்களுக்கு மாறின, மியூசியத்துக்குக் கூடுதல் இடம் கிடைத்தது. 2000 ஜனவரி 1-ம் தேதி மீண்டும் திறக்கப்பட்டது.

ஆனால் ஒரு விஷயம் பறிபோனது. அதுவரை எஸ்கலேட்டரில் உச்சி வரை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் போய் நகரைப் பார்க்கலாம். புதுப்பிப்புக்குப் பிறகு மேலே செல்ல டிக்கெட் கட்டாயமானது. தெருவின் தொடர்ச்சியாக நினைத்துக் கட்டப்பட்ட பாதைக்கு நடுவே ஒரு கேட் வந்துவிட்டது.

இப்போது மூடப்பட்டது ஏன்?

முதல் காரணம், ஆஸ்பெஸ்டாஸ். நம்மூரில் கூரை ஷீட்டாகத் தெரிந்த அதே கல்நார்தான். தீயைத் தாங்கும் என்பதால் 1970-களின் கட்டடங்களில் தாராளமாகப் பயன்படுத்தினார்கள். அதன் நுண்ணிய இழைகள் நுரையீரலுக்குள் போனால் புற்றுநோய் வரும் என்பதால் பிரான்ஸ் 1997-ல் அதை முற்றிலும் தடை செய்தது. பாம்பிடூவின் கண்ணாடி முகப்பில் கல்நார் இருக்கிறது. அதை அகற்றும்போது இழைகள் காற்றில் பறக்கும் அபாயம் உண்டு. ஆள் நடமாட்டத்தை வைத்துக்கொண்டு அந்த வேலையைச் செய்வது கடினம்.

இரண்டாவது, தீ பாதுகாப்பு. பழைய ஏற்பாடுகளை இன்றைய விதிகளுக்கு ஏற்ப மாற்ற வேண்டும்.

மூன்றாவது, மின்செலவு. நான்கு பக்கமும் கண்ணாடி. கோடையில் வெப்பம் உள்ளே வரும், குளிர்காலத்தில் உள்சூடு வெளியே போகும். மலிவான எரிபொருள் கிடைத்த காலத்தில் வரையப்பட்ட கட்டடம் இது. ஓவியங்களுக்கோ ஆண்டு முழுவதும் ஒரே சீரான வெப்பமும் ஈரப்பதமும் தேவை.

நான்காவது, மாற்றுத்திறனாளிகளுக்கான வசதிகள்.

இவற்றோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். சாதாரண கட்டடத்தில் குழாய்களுக்குச் சுவர்தான் பாதுகாப்பு. இங்கே அவையே வெளியே நிற்கின்றன. மழை, வெயில், பனி, நகரத்தின் புகை எல்லாமே நேரடியாக அவற்றின் மேல்தான். துரு, பெயின்ட், இணைப்புகள் என்று பராமரிப்பு ஓயாது. உள்ளே கிடைத்த சுதந்திரத்துக்கான பில்லை வெளிப்புறம் இத்தனை காலமாகக் கட்டிக்கொண்டிருக்கிறது.

தொழில்நுட்பப் பணிகளுக்கு மட்டும் பிரான்ஸ் அரசு ஒதுக்கியிருப்பது சுமார் 26 கோடி யூரோ. பகுதி பகுதியாக மூடிச் செய்யலாமா, ஒரேயடியாக மூடலாமா என்ற விவாதம் நீண்ட நாள் நடந்தது. முழுமையாக மூடுவதே பாதுகாப்பு, செலவும் குறைவு என்று அரசு முடிவெடுத்தது. பணியிடங்கள் என்னவாகும் என்ற கவலையில் ஊழியர்கள் 2023 இறுதியில் நீண்ட வேலைநிறுத்தம் நடத்தினர். 2024 தொடக்கத்தில் உடன்பாடு ஏற்பட்டது. பாரிஸ் ஒலிம்பிக் முடிந்த பிறகு, 2025-ல் பிரிவு பிரிவாக மூடல் தொடங்கியது.

2030-ல் என்ன மாறியிருக்கும்?

புதிய வடிவமைப்புப் பொறுப்பு, பாரிஸைச் சேர்ந்த மொரோ குசுனோகி நிறுவனத்துக்கும் மெக்சிகோவின் கட்டடக்கலைஞர் ஃப்ரிடா எஸ்கோபெடோவுக்கும் தரப்பட்டிருக்கிறது. அவர்கள் முன்னால் இருக்கும் வேலை விசித்திரமானது. முகப்பின் கண்ணாடி முழுவதும் மாற வேண்டும், ஆனால் பார்ப்பவர்களுக்கு அது பழைய பாம்பிடூவாகவே தெரிய வேண்டும். ஒருகாலத்தில் இடிக்கச் சொல்லி எழுதப்பட்ட கட்டடம், இன்று பாதுகாக்கப்பட வேண்டிய சின்னம்.

உள்ளே, பல ஆண்டுகளில் சேர்ந்துவிட்ட தடுப்புகளை நீக்கி, தரைத்தளத்தையும் அதற்குக் கீழுள்ள தளத்தையும் மறுபடி திறந்த கூடங்களாக இணைப்பதும், உச்சியில் மொட்டைமாடியைப் பார்வையாளர்களுக்குத் திறப்பதும் திட்டத்தில் உள்ளன.

அதுவரை ஓவியங்கள் எங்கே?

1 லட்சத்து 20 ஆயிரத்துக்கும் அதிகமான கலைப்பொருட்கள் கொண்ட தொகுப்பு இது. அவை பூட்டிக் கிடக்கப்போவதில்லை. பாரிஸின் கிராண்ட் பாலே அரங்கிலும், மெட்ஸ் நகரில் 2010 முதல் இயங்கும் பாம்பிடூ கிளையிலும், மற்ற பல மியூசியங்களிலும் பகுதி பகுதியாகக் காட்சிக்கு வைக்கப்படுகின்றன. பொது நூலகம் நகரின் 12-வது வட்டாரத்தில் உள்ள வேறொரு கட்டடத்துக்கு மாறிவிட்டது.

இன்று உலகம் முழுவதும் நவீன கலை மியூசியம் கட்டுகிறவர்கள் உள்ளே இருக்கும் ஓவியத்துக்கு இணையாகக் கட்டடத்தின் தோற்றத்தையும் பேசுகிறார்கள். அந்தப் பழக்கத்தை வலுவாகத் தொடங்கிவைத்தவற்றில் பாம்பிடூ முக்கியமானது. ஆனால் இதைக் கட்டியவர்கள் கொடுத்த வாக்குறுதி தோற்றத்தைப் பற்றியது அல்ல. எதிர்காலத்தில் எது வந்தாலும் இந்தக் கட்டடம் தன்னை மாற்றிக்கொள்ளும் என்பதுதான் அது. மியூசியத்தின் உள் அமைப்பு மாறியது, அலுவலகம் மாறியது, நுழையும் விதியும் மாறியது. கல்நாரையும் கூடிக்கொண்டே போகும் வெப்பத்தையும் சமாளித்து அந்த வாக்கை இது காப்பாற்றுமா, பழையபடி சும்மா வேடிக்கை பார்க்க வருகிறவர்களையும் உள்ளே விடுமா என்பது 2030-ல் கதவு திறக்கும்போது தெரிந்துவிடும்.